ஊர்ப்பெயர் இல்லாத உப்பு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வரும் வண்டிகள் அனுமந்தைச் சுங்கச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடினால் மரக்காணம் உப்பளங்கள் கண்ணில் படும். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் உப்பு விளைகிறது. ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர்செய்து, கோடை முழுதும் வாரிக் குவித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அம்பாரங்களை மூடிவைக்கும் தொழில் இது. வார இறுதியில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டி, வெள்ளைக் குவியல்களைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். படத்தைப் பார்த்த யாராவது அந்த உப்பை வாங்க ஆசைப்பட்டால் அவருக்குக் கிடைக்கக்கூடிய பொருள் அநேகமாக ஒன்றும் இல்லை. இங்கு விளைவது மூட்டையாக வியாபாரியிடம் போய் வேறொரு பெயரில் பாக்கெட் ஆகிறது. இல்லையென்றால் பெயரே இல்லாமல் கருவாட்டுக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் போய்ச் சேர்கிறது.

சிறு உற்பத்தியாளர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிகளில் இன்று தவறாமல் ஒலிக்கும் அறிவுரை, சமூக ஊடகத்தில் இறங்குங்கள் என்பது. பக்கம் தொடங்கு, ரீல்ஸ் போடு, இடைத்தரகர் இல்லாமல் நேரே விற்றுவிடலாம் என்கிறார்கள். அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் விளம்பரம் என்பது ஏற்கெனவே பெயர் உள்ள ஒரு பொருளுக்குத்தான் வேலை செய்யும். மரக்காணம், அனுமந்தைக் கரைக்கு இப்போது சமூக ஊடகத்தால் ஆகக்கூடிய முதல் காரியம் மக்கள் தொடர்பு. விற்பனை அதற்குப் பின்னால் வருவது. அந்த மக்கள் தொடர்பையும் தனி ஆளால் செய்ய முடியாது, ஊர்ப்பெயருக்குப் பொறுப்பேற்கும் ஓர் அமைப்பால்தான் முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உப்பை எடுத்துக்கொண்டு இதைச் சோதிப்பதில் ஒரு வசதி உண்டு. ஒரு கல்லுப்புக்கும் இன்னொன்றுக்கும் வேதியியலில் வேறுபாடு மிகக் குறைவு. விலையில் காணும் வேறுபாட்டில் பெரும் பங்கு பெயருக்கும் கதைக்கும் உரியது. 1983-இல் டாடா நிறுவனம் குஜராத்தின் மிதாப்பூரிலிருந்து அயோடின் கலந்த உப்பைப் பாக்கெட்டில் போட்டு நாடு முழுதும் விற்கத் தொடங்கியபோது, அதுவரை கோணிச் சாக்கிலிருந்து அளந்து விற்ற பண்டம் முதன்முறையாகப் பெரிய அளவில் பெயர் பெற்றது. பிறகு அந்த உப்பைத் ‘தேசத்தின் உப்பு’ என்று சொல்லி விளம்பரம் செய்தார்கள். சமையலில் போடும் பொருளை நன்றி, விசுவாசம் என்ற உணர்ச்சியோடு முடிச்சுப் போட்டதுதான் அதன் சாமர்த்தியம். இளஞ்சிவப்பு ‘இமயமலை உப்பு’ இன்னும் வேடிக்கையான உதாரணம். பாகிஸ்தானின் பஞ்சாபில் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் அந்தப் பாறை உப்பு நெடுங்காலம் மலிவான பண்டமாகவே இருந்தது. நிறமும் இமயமலை என்ற பெயரும் உடல்நலப் பேச்சும் சேர்ந்து அதை உலகெங்கும் பல மடங்கு விலைக்கு ஏற்றின. அந்த விலையில் கேவ்ராவுக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம். வெளிநாடுகளில் பாக்கெட் போட்டவர்களே சம்பாதித்தார்கள் என்ற குறை பாகிஸ்தானிலேயே எழுந்து, ஊர்ப்பெயர் உரிமை பற்றிய விவாதமாக மாறியது. கதை உலகம் சுற்றி வந்தாலும், கதைக்கு உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் காசு. சமூக ஊடகப் பயிற்சிகள் இதைச் சொல்வதில்லை.

மாறாக நடந்த ஊரும் ஒன்று இருக்கிறது. பிரான்சின் மேற்குக் கரையில் கெராந்து என்ற இடத்தில் சுமார் 2,000 ஹெக்டேர் உப்பளம் உள்ளது. மரக்காணத்தைவிடப் பெரியதுதான், ஆனால் ஒப்பிடவே முடியாத அளவு பெரியதல்ல. 1960-களின் இறுதியில் அந்தத் தொழில் செத்துக்கொண்டிருந்தது. ஆலை உப்பு மலிவாக வந்தது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், கரையோரச் சுற்றுலாத் திட்டங்கள் உப்பளத்தை விழுங்கப் பார்த்தன. எதிர்த்து நின்ற உப்புத் தொழிலாளர்களோடு வெளியிலிருந்து வந்த இளைஞர்களும் சேர்ந்தார்கள். 1972-இல் உற்பத்தியாளர் குழு அமைந்தது, 1988-இல் அது கூட்டுறவானது, 2012-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புப் பெயரும் கிடைத்தது. கையால் வாரிய சாம்பல் நிறக் கல்லுப்பும் மேலே மிதந்து படியும் ‘உப்புப் பூ’வும் இன்று உலகச் சமையல்காரர்களின் அலமாரியில் ஊர்ப்பெயரோடு நிற்கின்றன. இவை எதையும் ஃபேஸ்புக் செய்யவில்லை. ஐரோப்பியப் பதிவு பின்னால் வந்தாலும், ஃபேஸ்புக் வருவதற்கு முன்பே பெயரும் அமைப்பும் தரக் கட்டுப்பாடும் நிலைபெற்றுவிட்டன. பிற்பாடு வந்த சமூக ஊடகம் அந்தப் பெயரைத் தூக்கிச் சுமந்தது, அவ்வளவுதான். கேவ்ராவுக்கும் கெராந்துக்கும் உள்ள வேறுபாட்டை யோசித்தால் மரக்காணத்துக்கு எது முதலில் வேண்டும் என்பது விளங்கும். நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டப்படி தனி வியாபாரி விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ அவர்கள் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்போதான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பதிவகம் இருப்பது தொலைவில் அல்ல, சென்னை கிண்டியில்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். அமைப்பெல்லாம் எதற்கு, ஒற்றை மனிதர் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு பெரிய ஆளாகவில்லையா? ஆகியிருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது; தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் யூடியூப் சேனல் அது. ‘தூத்துக்குடி மீனவன்’, மூக்கையூரின் ‘உங்கள் மீனவன்’ போன்ற சேனல்கள் கடலுக்குள் போகும் வாழ்க்கையைக் கரையில் இருப்பவர் வீட்டுக்குள் கொண்டுவந்தன. இவற்றின் வெற்றி உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் அவற்றில் விற்பனையாகும் சரக்கு என்ன? பார்க்கும் நேரம். சமையல் காட்சியும் வலை இழுக்கும் காட்சியும்தான் அங்கே பண்டம். வருமானம் விளம்பரத்திலிருந்து சேனலுக்கு வருகிறது. மூக்கையூர்க் கரையில் ஒரு கூடை மீனுக்குக் கிடைக்கும் விலையைச் சேனலின் சந்தாதாரர் எண்ணிக்கை நிர்ணயிப்பதில்லை. அனுமந்தைப் பக்கத்து இளைஞர் ஒருவர் உப்பளத்தைக் காட்டி நல்ல சேனல் நடத்தலாம், நடத்தட்டும். அது அவருக்குத் தொழிலாகும். உப்புக்கு விலையாக அது தானே மாறிவிடாது.

விலைக் கணக்கையும் பார்த்துவிடலாம். உப்பளத்தில் ஒரு கிலோ உப்பு சில ரூபாய்க்குப் போகிறது. அதே ஒரு கிலோவைச் சென்னையில் ஒரு வீட்டுக்குக் கூரியரில் அனுப்பினால் அனுப்பும் செலவு உப்பின் விலையைப்போல் பல மடங்கு. கனமான, மலிவான பண்டத்தை வீடுவீடாக விற்பதற்கு இன்ஸ்டாகிராம் ஏற்ற வழியல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்த உப்பை உண்மையில் வாங்குகிறவர்கள் வேறு: மொத்த வியாபாரிகள், கருவாடு போடுகிறவர்கள், தோல் பதனிடுவோர், உப்பை அரைத்து அயோடின் கலந்து பாக்கெட் போடும் ஆலைகள். இவர்கள் எண்ணிக்கை சில நூறைத் தாண்டினால் அதிகம். இவர்களுக்கு ரீல்ஸ் தேவையில்லை. இன்று எந்த அம்பாரத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, ஈரம் எப்படி, நிறம் எப்படி, மூட்டை என்ன விலை, லாரி எப்போது ஏற்றலாம் என்ற செய்தி போதும். அதற்கு வாட்ஸ்அப்பே போதும். சிறு வியாபாரத்துக்கென்று அந்த நிறுவனம் தனிச் செயலியை 2018-லேயே விட்டது. தினம் காலையில் சங்கத்தின் எண்ணிலிருந்து விலைநிலவரம் போனால், வியாபாரி ஒவ்வொரு உப்பளக்காரரிடமும் தனித்தனியாகப் பேசி விலையை அடித்துக் குறைக்கும் வழக்கத்துக்கு ஓரளவாவது கடிவாளம் விழும். உத்தி என்பதில் பாதி, யாரிடம் பேச வேண்டாம் என்று முடிவு செய்வது. பத்தாயிரம் அந்நியரின் விருப்பக்குறியைவிட இருநூறு வியாபாரிகளின் தொலைபேசி எண் இக்கரைக்குப் பெரிய சொத்து.

மக்கள் தொடர்பு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பத்திரிகைக் குறிப்பும் பொன்னாடையும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேம்ஸ் கிரூனிக்கும் டாட் ஹன்ட்டும் 1984-இல் வெளியிட்ட நூலில் இத்துறையை நான்கு வகையாகப் பிரித்தார்கள். எப்படியாவது கவனத்தை இழுப்பது ஒன்று, செய்தியைச் சரியாகச் சொல்வது ஒன்று, எதிரே உள்ளவரின் மனத்தை அறிந்துகொண்டு அவரைத் தம் வழிக்குத் திருப்புவது ஒன்று, இரு பக்கமும் கேட்டு இரு பக்கமும் மாறுவது ஒன்று. கடைசி வகையையே அவர்கள் மேலானதாகக் கருதினார்கள். சமூக ஊடகம் பிறந்தபோது அந்த நான்காம் வகைக்காகவே பிறந்த கருவி என்று பலர் நம்பினார்கள். நடைமுறையில் பெரும்பாலான பக்கங்கள் முதல் வகையிலேயே நிற்கின்றன, திருவிழாக் குழாய் ஒலிபெருக்கி மாதிரி. கேள்வி வந்தால் பதில் இல்லை, புகார் வந்தால் அழித்துவிடுகிறார்கள்.

பதில் சொல்ல ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு உப்பின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2016 நவம்பர் 8 அன்று பெரிய நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள், உப்புத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பியது. டெல்லி, உத்தரப் பிரதேசம் தொடங்கிப் பல ஊர்களில் மக்கள் கடைகளை மொய்த்தார்கள். கிலோ இருநூறு ரூபாய்க்கும் மேல் விற்றதாகச் செய்திகள் வந்தன. உலகில் உப்பு உற்பத்தியில் மூன்றாம் இடத்தில் உள்ள நாட்டில் நடந்த கூத்து இது. மத்திய அமைச்சர்கள் தட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அறிவித்த பிறகே அடங்கியது. அன்று உப்பு விளையும் எந்தக் கரையிலிருந்தாவது, இதோ எங்கள் அம்பாரங்கள் என்று ஒரு நிமிடக் காணொளி வந்திருந்தால், அமைச்சர் அறிக்கையைவிட அது வேகமாகப் பரவியிருக்கும். 2019-இல் இன்னொரு புரளி எழுந்தது. உப்பு கட்டியாகாமல் இருக்க மிகச் சிறிய அளவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு என்ற பொருளின் பெயரில் ‘சயனைடு’ இருப்பதைப் பிடித்துக்கொண்டு, பாக்கெட் உப்பில் விஷம் என்று செய்தி ஓடியது. பெரிய நிறுவனம் மறுப்பறிக்கை விட்டுச் சமாளித்தது. சிறு உற்பத்தியாளருக்கு அறிக்கை விட இடம் ஏது?

எல்லாமே வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018-இல் இந்தியக் கடல் உப்பு மாதிரிகளில் நுண்நெகிழித் துகள்கள் இருப்பதைக் கண்டறிந்தார்கள். உப்பளத்துக்கு வரும் நீரை மணலில் வடிகட்டினாலே பெரும்பகுதி நீங்கும் என்றும் அதே ஆய்வு காட்டியது. தலைப்புச் செய்தியாக ஓடியது முதல் பாதி மட்டும். இப்படிப்பட்ட நேரத்தில் உற்பத்தியாளர் பக்கத்திலிருந்து வரவேண்டியது வெறும் மறுப்பு அல்ல. நீர் எங்கிருந்து எடுக்கிறோம், எதை மாற்றியிருக்கிறோம், சோதனை முடிவு என்ன என்ற விவரம் வர வேண்டும். குறை இருந்தால் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். கிரூனிக் சொன்ன நான்காம் வகை என்பது நடைமுறையில் இதுதான்.

இங்கே ஒரு பெரிய ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சிறிய உப்பளத்துக்குச் சமூக ஊடகத்தில் மிக எளிதாகக் கைதட்டல் வாங்கித் தரக்கூடிய வாசகம் ஒன்று உண்டு: ‘அயோடின் கலக்காத, இயற்கையான, பாட்டி காலத்துக் கல்லுப்பு.’ நலம் பேசும் பக்கங்கள் இதை ஆசையாகப் பகிரும். ஆனால் மனிதர் நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. 2000-இல் தளர்த்திய தடை 2006 மே மாதம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2011-இன் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. வாங்குகிறவர் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். கழுத்துக் கழலையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைவும் பற்றிய பல பத்தாண்டு அனுபவம் இந்தச் சட்டத்தின் பின்னால் இருக்கிறது. ‘இயற்கை’, ‘தூய’ என்ற சொற்களை எப்போது போடலாம் என்பதற்கும் 2018-இன் விளம்பர ஒழுங்குமுறை வரம்பு கட்டியிருக்கிறது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுக்கும் சமூக ஊடகப் பிரபலமும் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் கட்ட நேரலாம். ஆகவே உள்ளதிலேயே நன்றாக ஓடக்கூடிய விளம்பரமே இக்கரைக்கு மிகக் கெட்ட விளம்பரம். அயோடின் கலக்கும் சிறு இயந்திரம், உணவுப் பாதுகாப்பு உரிமம், தர அட்டை ஆகியவை வரும்வரை சமையலறைக்குப் பொட்டலம் விற்கும் பேச்சே கூடாது. தனி ஆளுக்கு இவை எட்டாத செலவு. சங்கம் சேர்ந்தால் எட்டும். வாதம் மறுபடியும் அமைப்பிடமே வந்து நிற்கிறது.

விற்பனைக்கு வெளியே உள்ள ஆதாயத்தைப் பேசாமல் விட்டால் மக்கள் தொடர்பின் முக்கியப் பகுதியே விடுபடும். மரக்காணம் என்ற பெயரைத் தேடுபொறியில் போட்டால் கண்ணில் படுவன 2013 ஏப்ரல் கலவரமும் 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் தொடங்கிய விஷச் சாராயச் சாவுகளும் புயல் செய்திகளும். நடந்தவை நடந்தவைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஊரைப் பற்றி ஊராரே எதுவும் சொல்லாதபோது, அதன் பெயர் கேடுகளின் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் இடம் இது. அருகே உள்ள கழுவெளி ஏரியைத் தமிழ்நாடு அரசு 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நல்ல கதைக்கு வேண்டிய அத்தனை சரக்கும் கிடக்கிறது, சொல்வதற்கு ஆள் இல்லை.

பேரிடர் நேரத்தில் இந்தக் குறை பணமாகவே தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இதே மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் பாத்திகள் மூழ்கிக் குவித்த உப்பும் கரையும். அடுத்த பருவம் தள்ளிப்போகும். பயிர் மூழ்கினால் ஏக்கர் கணக்கு எடுக்க வருவாய்த் துறையில் வழிமுறை இருக்கிறது. உப்பு கரைந்தால் கரைந்ததற்கு அடையாளமே மிஞ்சாது. மழைக்கு முன்பே ஒவ்வொரு அம்பாரத்தையும் தேதியும் இடக்குறியும் தெரியப் படமெடுத்துப் பொதுப் பக்கத்தில் வாராவாரம் ஏற்றிவைத்தால், அது விளம்பரமும் ஆகும், சான்றும் ஆகும். மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. அதற்குத் தகுதியானவர் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளும் செய்திப் பலகையாகவும் அதே பக்கம் பயன்படலாம்.

முன்கூட்டித் திட்டமிட்டுச் சொல்வதன் வலிமையை உப்பை வைத்தே காட்டியவர் காந்தி. 1930 மார்ச் 12-இல் புறப்படுவதற்கு முன்பே வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதி, நாளையும் வழியையும் ஊரறியச் செய்துவிட்டார். தண்டிக்குப் போய்ச் சேர்ந்த 24 நாட்களும் செய்தி வளர்ந்துகொண்டே போயிற்று. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு அதே முறையில் நடந்தார். வீட்டுக்கு வீடு இருக்கும் ஒரு பொருள், முன்னறிவித்த நாள்காட்டி, சொன்ன சொல் மாறாத நடத்தை. ஊடகம் மாறினாலும் இந்த மூன்றுக்கும் மாற்று இன்னும் வரவில்லை.

சமூக ஊடகத்தை முழுதாக நம்பக்கூடாது என்பதற்கும் தமிழ்நாட்டு அனுபவமே போதும். டிக்டாக்கை 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுத்து, அந்த மாதமே தடையை நீக்கியது. 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு நாடு முழுதும் தடை செய்தது. ஆண்டுக்கணக்கில் ரசிகர் சேர்த்த பல்லாயிரம் பேரின் உழைப்பு ஓரிரவில் போயிற்று. தடை இல்லாத இடத்திலும் நிலைமை நிச்சயமில்லை: 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்களும் உறவினரும் போடும் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்ததும், வியாபாரப் பக்கங்கள் காசு கொடுக்காமல் மக்களை எட்டுவது அருகிப்போயிற்று. மேடை யாருடையதோ விதியும் அவருடையது. ஆகவே வாங்குவோரின் எண்களைச் சொந்தப் பதிவேட்டிலும் எழுதி வைப்பதே புத்தி.

இனி இரண்டு மறுப்புகள். அரசே உப்பு விற்கும்போது தனிப் பெயர் எதற்கு என்பது ஒன்று. 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனம் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுத்து, 2014-இல் ‘அம்மா உப்பு’ என்றும் 2022-இல் ‘நெய்தல் உப்பு’ என்றும் சந்தைக்குக் கொண்டுவந்தது உண்மை. அது அந்த நிறுவனத்தின் உப்பு. ஆட்சி மாறினால் பெயர் மாறும் என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது. ஊர்ப்பெயருக்கு அந்த ஆபத்து இல்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. வெயிலில் கண் கூச, உப்புநீரில் கால் வெந்து வேலை செய்கிறவர்களை அழகான படமாக்கி விற்பது, அவர்கள் கஷ்டத்தின் மேல் வெள்ளைப் பூச்சு அடிப்பதாகாதா? ஆகும், படத்தை எடுப்பவரும் எழுதுபவரும் வெளியாளாக இருக்கும்வரை. கணக்கை நடத்தும் குழுவில் பாத்தியில் இறங்கி வாரும் பெண்களும் இருந்து, கண்ணாடியும் காலணியும் குடிநீரும் நிழற்கூரையும் கிடைத்ததா இல்லையா என்பதும் அதே பக்கத்தில் வந்தால், வாங்குகிறவர் நம்புவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. முதலாளிகள் இதற்கு எளிதில் இசைய மாட்டார்கள். இந்தத் திட்டத்தில் மெய்யாகவே கடினமான இடம் இதுதான். கைப்பேசியோ இணையமோ அல்ல.

எனவே மரக்காணம், அனுமந்தைக் கரையின் உற்பத்தியாளர்களும் தொழிலாளர் சங்கங்களும் இப்போதைக்கு விளம்பரத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். வரும் பருவத்தில் பாத்தி சீரமைக்கும் வேலையோடு சேர்த்து, பொதுவான ஒரு வாட்ஸ்அப் எண்ணைத் தொடங்கி அன்றாட விலையைப் போடட்டும்; கூட்டாக அயோடின் கலக்கும் வசதிக்கும் புவிசார் குறியீட்டுக்கும் விண்ணப்பம் எழுதட்டும். சாலையில் நின்று படம் எடுக்கும் சென்னைக்காரர் தாமும் ஒன்று செய்யலாம்: படத்தின் கீழே ஊரின் பெயரைத் தமிழில் எழுதுங்கள்.